வடம் அந்துட்டு டீச்சர்

2024-இல் திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்று உள்ளூர் விடுமுறை. திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்தால், பிள்ளைகள் வாயில் தேரைத் தவிர வேறு பேச்சில்லை. நெல்லையப்பர் தேரின் வடம் அந்த வருஷம் அடுத்தடுத்து அறுந்ததை நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் அதை அபசகுனம் என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளுக்கோ அது கண்ணால் பார்த்த பெரிய அதிசயம். எனக்கு வாரத்துக்கு ஒரு வகுப்பு, நாற்பது நிமிஷம். "சரி, தேர் பார்க்கப் போனவங்க எல்லாரும் தேர் வரைங்க, போகாதவங்க வேற என்ன பார்த்தீங்களோ அதை வரைங்க" என்று ஆளுக்கு ஒரு ஏ4 தாளைக் கொடுத்தேன். அன்றைக்கு வரைந்த ஒரு படத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒரு வருஷத்துக்கு மேலாக அது என்னை விடவில்லை.

டவுனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நர்சரி பிரைமரி பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். எல்.கே.ஜி.யில் இருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் நான்தான். முன்பல் இரண்டும் விழுந்த பையன் ஒருவன், ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சு. அவன் தாளைப் படுக்கை வாட்டில் வைத்து, இடது மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி வரைந்து அதன் மேல் மூன்று கொடி குத்தியிருந்தான். அதுதான் தேர். மீதித் தாள் முழுக்க வடம். கறுப்பு கிரேயானை அழுத்தி அழுத்தி இழுத்ததில் மெழுகு பிசிறு பிசிறாக நின்றது. வடத்தை ஒட்டி ஆட்கள்: வட்டத் தலை, இரண்டு குச்சிக் கால், வாரியல் மாதிரி விரிந்த கைகள். ஒரு கையில் ஏழு விரல், இன்னொன்றில் ஒன்பது. உடம்பைவிடக் கை பெரிது. வடத்தில் இரண்டு இடத்தில் கோடு விட்டுப்போயிருந்தது. வலது ஓரத்தில் கோடு தாளின் விளிம்பு வரை போய், அதற்கு மேல் இடமில்லாமல் நின்ற மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு. பேரு எழுது" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நாற்பது நிமிஷம். ஒருத்திக்குப் பச்சைக் கலர் வேண்டும், இன்னொருத்தன் கிரேயானைக் கடித்துவிட்டான். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம்தான் வருகிறது என்று பிற்பாடு கணக்குப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தைக்கூட அவனுக்கு நான் கொடுக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒரு ராத்திரி

ஆகஸ்ட் 15 அன்று பெற்றோர்களை வரச்சொல்லி ஓவியக் கண்காட்சி வைக்கலாம் என்று ஹெச்.எம். சொன்னார். "ஹால்ல நாலு சுவரும் நிறையணும் டீச்சர், பார்க்க லட்சணமா இருக்கணும்." நாற்பது படங்களைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவன் படமும் அதில் இருந்தது. அந்த வடம் அவ்வளவு அழுத்தமாக இருந்ததால்தான் எடுத்தேன், அதை மறுக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் முதலில் வடத்தில் விட்டுப்போன இரண்டு இடங்களையும் சேர்த்தேன். தீப்பெட்டித் தேர் பார்ப்பவர்களுக்குத் தேர் என்று புரியாதே என்று அதன் மேலேயே அடுக்கடுக்காகத் தட்டு வரைந்து, கலசம் வைத்து, கீழே சக்கரம் போட்டேன். ஆட்களுக்கு மூக்கு, வாய் வைத்தேன். கைகளில் கூடுதலாக இருந்த விரல்களை வெள்ளைப் போஸ்டர் கலரால் மறைத்து ஐந்தாக்கினேன். தாளைத் திருப்பியபோது பின்னாலும் ஏதோ கிரேயான் தீற்றல் இருந்தது. ரஃபாக வரைந்து பார்த்திருப்பான் என்று நினைத்தேன். நன்றாகப் பார்க்கவில்லை. பின்பக்கம் முழுக்கப் பசை தடவி மஞ்சள் சார்ட்டில் ஒட்டி, சுற்றிலும் பார்டர் போட்டேன். ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் ஆனது. வகுப்பில் அவனுக்குக் கொடுக்காத நேரத்தையெல்லாம் அவன் தாளை மாற்றி எழுதச் செலவழித்திருக்கிறேன்.

அப்போது அது தப்பாகவே தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைத்தான் இத்தனை மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் கற்றுக்கொண்ட விதம் அப்படி. அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு கிரேடு ஓவியம் எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஃப்ரீஹேண்ட் தாளில் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் உள்ள கொடியும் பூவும் வலப்பக்கம் இம்மி பிசகாமல் வர வேண்டும். மாடல் டிராயிங்கில் வாளி, பானை, மரப்பெட்டி. ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிப் பென்சிலால் அளந்து, பானையின் வாய் எத்தனை, வயிறு எத்தனை என்று கணக்குப் போட வேண்டும். அந்தப் பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். என் கைக்கும் கண்ணுக்கும் சோறு போட்டது அது. ஆனால் படம் என்றால் சரி, தப்பு பார்க்க வேண்டிய ஒன்று என்பதும் அதோடு சேர்ந்தே எனக்குள் இறங்கிவிட்டது. என் பள்ளிக்கூடத்து டிராயிங் சாரும் அப்படித்தான். என் தோளுக்கு மேலே குனிந்து, என் பென்சிலையே வாங்கி, நான் போட்ட கோட்டின் மேல் இன்னொரு கோடு இழுப்பார். பாளையங்கோட்டையில் அம்மா வீட்டு முன்னறையில் இன்னமும் ஒரு மயில் படம் தொங்குகிறது. கீழே என் பெயர், ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு. அந்த மயிலின் கழுத்து சார் வரைந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கழுத்தைத்தான் பாராட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பேசாமல் காபி டம்ளர்களை எடுக்க உள்ளே போய்விடுவேன்.

"பின்னாடி நிக்காவ"

ஆகஸ்ட் 15, கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் பெற்றோர்கள் ஹாலுக்குள் வந்தார்கள். அவன் அம்மா கையில் கைக்குழந்தையோடு வந்திருந்தார். அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, தேருக்கு வந்துவிட்டுப் போனவர் இனி தீபாவளிக்குத்தான் வருவார். அவருக்கு அனுப்புவதற்காக அந்த அம்மா போனை எடுத்துக்கொண்டு, "எங்கல உன் படம்?" என்று கேட்டார். அவன் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "காணல" என்றான். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அவன் நின்று பார்த்தான். "இது நான் வரைஞ்சது இல்ல."

"உன் பேருதானல போட்டிருக்கு?" என்றார் அம்மா. படத்தைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். "தேரு அப்படியே இருக்கு டீச்சர்!"

அவன் சுவரை ஒட்டிப் போய், நான் சேர்த்த இடத்தில் விரலை வைத்தான். கிரேயான் கோட்டுக்கும் ஸ்கெட்ச் பேனாக் கோட்டுக்கும் உள்ள பளபளப்பு வித்தியாசம் கிட்டே போனால் தெரியும். "இங்க வடம் அந்துட்டு டீச்சர்." அடுத்த இடத்திலும் விரலை வைத்தான். "இங்கயும் அந்துட்டு." அப்புறம், "எங்க அப்பாவ எங்க?"

இத்தனை பேரில் யார் என்று கேட்டேன். "இதுல இல்ல. அவிய பின்னாடி நிக்காவ." தேருக்குப் பின்னால் தடி போடுகிறவர்களோடு நின்றாரோ என்று நினைத்து, தேருக்குப் பின்பக்கம் இடமே இல்லையே என்று தேடினேன். அவன் பொறுமை இழந்து சார்ட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினான். ஒரு மூலை தூக்கியது. தலையைச் சாய்த்து அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது விளிம்பில் வடம் நிற்கவில்லை. தாளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறது.

எல்லோரும் போன பிறகு, ஹாலில் உட்கார்ந்து ஈரத் துணியை வைத்து வைத்துப் பிரித்தேன். நன்றாக ஒட்டியிருந்தது. பாதி வந்தது, பாதி சார்ட்டோடு போய்விட்டது. கிடைத்த பாதியில் ஒரு பெரிய ஆள் தெரிந்தார், முன்பக்கத்துத் தேரைவிட ஐந்து மடங்கு பெரிய ஆள். பச்சைக் கட்டம் போட்ட சாரம், அதாவது லுங்கி. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் போட்டிருந்தான். கால் இரண்டும் நேராக நீட்டிக் கிடந்தன. ஒரு கையில் வடத்தின் முனை, அதுவும் அறுந்த முனை, நார் நாராகப் பிரித்து வரைந்திருந்தான். மற்றக் கையும் முகமும் கிழிந்துபோயின.

மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தாளைக் காட்டி, "டீச்சர் தெரியாம ஒட்டிட்டேன், தப்புதான்" என்று சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: அப்பா வடத்தின் கடைசியில் நின்று இழுத்தார். இவன் ஆச்சி இடுப்பில் இருந்து பார்த்தான். வடம் அறுந்ததும் அப்பா தொப்பென்று கீழே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்புறம் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி இழுத்தார்.

அவன் வரைந்தது அந்த நிமிஷம். நான் வடத்தைச் சேர்த்துவிட்டேன். வடம் அறுபடவில்லை என்றால் அப்பா விழவே இல்லை, சிரிக்கவும் இல்லை. படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

விரல்கள் ஏன் ஒன்பது

அதற்குப் பிறகுதான், பயிற்சியின்போது பரீட்சைக்காக மட்டும் படித்துவிட்டுத் தூக்கிப்போட்ட பாடங்களை மறுபடி எடுத்தேன். விக்டர் லோவன்ஃபெல்ட் என்று ஒருவர். வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண் வேலை சொல்லிக்கொடுத்தவர், 1938-இல் ஆஸ்திரியா நாஜிகள் கைக்குப் போனதும் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா போனார். பிள்ளைகளின் ஓவியம் வயதோடு எப்படி வளர்கிறது என்று அவர் 1947-இல் எழுதியதைத்தான் இன்றைக்கும் ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாலு வயதில் இருந்து ஏழு வயது வரை பிள்ளைக்கு எது முக்கியமோ அது பெரிதாகும், முக்கியமில்லாதது சிறிதாகும், சில சமயம் காணாமலே போகும். ஏழு வயதை ஒட்டி, தரை என்று அடியில் ஒரு கோடு வரும். வீட்டின் சுவர் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே அம்மா சமைப்பது தெரியும். இது எனக்கு மனப்பாடம், இரண்டு மதிப்பெண் கேள்வி. ஆனால் தேர் இழுக்கிறவனின் கையில் ஒன்பது விரல் வந்தபோது அந்த மனப்பாடம் என் உதவிக்கு வரவில்லை. தேர் இழுப்பதற்குக் கைதானே வேண்டும்? மூக்கு எதற்கு? அவன் மூக்கை விட்டது மறதியில் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள வியன்னா வரைக்கும் போகவும் வேண்டாம். திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலையிலும் உட்சுவர் முழுக்க ஓவியம். மர வேலைப்பாட்டைப் பார்ப்பதா சுவரைப் பார்ப்பதா என்று கண் தடுமாறும். கடல் தாண்டிக் குதிரை கொண்டுவரும் கப்பல் ஒன்று அங்கே உண்டு. கப்பலில் இருக்கும் ஆட்களும் குதிரைகளும் வரிசையாகத் தெரிவார்கள், எதுவும் எதையும் மறைக்காது. முக்கியமானவர் பெரிதாக இருப்பார், சாமரம் வீசுகிறவர் சிறிதாக இருப்பார். அதைப் பார்த்து யாரும் அளவு சரியில்லை என்று சொல்வதில்லை. நானும் கைகூப்பி நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதே கணக்கில் ஆறு வயதுப் பிள்ளை அப்பாவைத் தேரைவிடப் பெரிதாகப் போட்டால், நாம் ஸ்கெட்ச் பேனாவை எடுக்கிறோம். அந்தப் பழைய ஓவியரும் இந்தப் பிள்ளையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஓவியருக்கு அது கற்ற மரபு, பிள்ளைக்கு அது வயது. ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவைத் தவிர வேறு அளவும் உண்டு என்பதை நம் ஊர்ச் சுவரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதில் எனக்கு ரொம்ப வலித்த விஷயம் ஒன்று உண்டு. கிழிந்த தாளைக் காட்டிய அன்று அவன் அழவில்லை. "பரவால்ல டீச்சர், வேற வரையுதேன்" என்றுதான் சொன்னான். வேறு வரைந்தான். இரண்டு முக்கோண மலை, நடுவில் சிரிக்கும் சூரியன், கீழே ஆறு, கரையில் ஓட்டு வீடு, ஒரு தென்னை. அடுத்த வாரமும் அதே படம். அதற்கு அடுத்த வாரமும். ஐந்து மாதம், ஒரு கோடு மாறாமல். நமக்கு மலை மேற்கே இருக்கிறது, சூரியன் அதில் மறையுமே தவிர உதிக்காது. பள்ளி மாடியில் ஏறினால் வானம் தெளிந்த நாளில் பொதிகை ஒரே நீளமாக நீலச் சுவர் மாதிரி தெரியும், முக்கோணமாகத் தெரியாது. இதெல்லாம் அவனுக்கும் தெரியும். ஆனால் அந்தப் படத்தில் திருத்துவதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. எங்கே கற்றுக்கொண்டான் என்று கேட்கவே தேவையில்லை. பக்கத்து பெஞ்சு, அக்கா நோட்டு, கலரிங் புத்தகம், எல்லா இடத்திலும் இருக்கிறது. இருபது வருஷமாக இந்த மலையையும் சூரியனையும் பார்த்து, பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று குறைப்பட்டிருக்கிறேன். அதை அவர்கள் பத்திரமான இடமாக வைத்திருக்கிறார்கள் என்று இவனால்தான் எனக்குத் தெரிந்தது.

சீட்டு

நான் செய்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. என் கையில் பேனா, பென்சில் எதுவும் இல்லாமல் வகுப்புக்குள் போகிறேன். கையில் ஒன்று இருந்தால் அது தானாகவே தாளில் இறங்கிவிடும், என் கையை எனக்குத் தெரியும். "இது என்ன?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். அப்படிக் கேட்டால், டீச்சருக்குப் புரியாத மாதிரி வரைந்துவிட்டோம் போல என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. "சொல்லு" என்கிறேன், அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு ஏழெட்டுப் பேரிடம் உட்கார்ந்து கேட்கிறேன், ஐந்து வாரம் சுற்றி வந்தால் எல்லோரிடமும் கேட்டு முடிகிறது. அவர்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே ஒரு தனிச் சீட்டில், வகுப்பு முடிந்த பிறகு, எழுதிவைக்கிறேன். தாளின் மேல் எழுதுவதில்லை. ஒரு யு.கே.ஜி. பிள்ளை தாள் முழுக்க நீலத்தைத் தேய்த்து வைத்திருந்தாள். என்ன என்று எனக்கு எட்டவே இல்லை. "ஆத்துல முங்கிட்டேன். கண்ணத் தொறந்தேன்" என்றாள். குறுக்குத்துறையில் தாத்தாவோடு குளிக்கப் போயிருக்கிறாள். அதற்கு மேல் ஒரு கோடு அந்தத் தாளில் போட யாருக்கு உரிமை உண்டு?

பள்ளி இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கலரிங் புத்தகத்தை வாங்க வேண்டாம் என்று சொன்னபோது, பெற்றோர் பணம் கட்டியாகிவிட்டது, பக்கம் காலியாக இருந்தால் கேள்வி கேட்பார்கள் என்றார்கள். அச்சடித்த கோட்டுக்குள் கலர் அடிக்கப் பழகிய பிள்ளை, தன் கோட்டை நம்பாமல் போய்விடும் என்று லோவன்ஃபெல்ட் அந்தக் காலத்திலேயே கலரிங் புத்தகங்களை எதிர்த்திருக்கிறார். நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். வகுப்பில் வாத்தை அழகாக மஞ்சளடித்த பிள்ளையிடம் வெறும் தாளைக் கொடுத்தால், "வாத்து வரைஞ்சு தாங்க டீச்சர்" என்று நீட்டுகிறது. ஆனால் இதை ஹெச்.எம்.மிடம் சொல்லும்போது அவர் நிலைமையும் எனக்குப் புரிகிறது. போட்டி நடத்துகிறவர்கள் அச்சடித்த தாளைத்தான் கொடுக்கிறார்கள், சான்றிதழ் வந்தால்தான் பெற்றோர்கள் ஓவிய வகுப்பு நடக்கிறது என்றே நம்புகிறார்கள். கடைசியில் புத்தகம் இருக்கட்டும், என் வகுப்பில் அதைத் திறக்க மாட்டேன் என்ற இடத்தில் நிற்கிறோம். ஒரு அம்மா, "போன வருஷம் எவ்வளவு நல்லா வரைஞ்சா, இந்த வருஷம் கிறுக்குதா" என்று வருத்தப்பட்டு மகளை வெளியே ஒரு டிராயிங் கிளாஸில் சேர்த்துவிட்டார். போன வருஷம் வரைந்ததில் பாதி நான் வரைந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பிப்ரவரியில் ஆண்டு விழாவுக்கு மறுபடி கண்காட்சி. இந்தத் தடவை சார்ட் வேண்டாம், பசை வேண்டாம் என்று கேட்டு வாங்கினேன். ஹாலுக்குக் குறுக்கே நைலான் கொடி கட்டி, துணி கிளிப்பில் தாள்களைத் தொங்கவிட்டேன். கிளிப்பில் சீட்டையும் சேர்த்து மாட்டினேன். பெற்றோர்கள் சீட்டை வாசித்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்கார அப்பா, தன் மகள் வரைந்த ஆட்டோவுக்குள் தானும் அவளும் மட்டும் இருப்பதையும் "அப்பா சவாரி ஏத்தல" என்று சீட்டில் இருந்ததையும் வாசித்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். எத்தனையோ கண்காட்சி வைத்திருக்கிறேன், சுவர் நிறைந்தது என்று சொன்னவர்கள் உண்டே தவிர, ஒரு படத்தின் முன்னால் இப்படி நின்றவர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தப் பையன் படமும் தொங்கியது. மலையும் சூரியனும்தான். சீட்டில் எழுத அவன் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் அவன் படத்தில் மட்டும் சீட்டு இல்லை. கண்காட்சி முடிந்து கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான். "டீச்சர், இப்பம்லாம் ஒட்ட மாட்டியளா?"

"ஒட்ட மாட்டேன்."

"யாருதையும்?"

"யாருதையும் ஒட்ட மாட்டேன்."

ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கொடியில் மிச்சமிருந்த தாள்கள் காற்றில் திரும்பித் திரும்பி இரண்டு பக்கமும் தெரிந்தன. அவன் ஒவ்வொன்றாகப் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டே போனான்.

இந்த வருஷம் அவன் இரண்டாம் வகுப்பு. ஆனித் தேர் முடிந்த வாரம், நான் கேட்காமலேயே ஒரு தாளுக்கு இரண்டு தாளாக வாங்கிக்கொண்டுபோனான். தேர் பழைய தீப்பெட்டி அளவுதான். வடம் இரண்டு தாளையும் கடந்து பின்பக்கம் போனது. ஆட்கள் கையில் விரல் இப்போது ஆறாகக் குறைந்திருக்கிறது, அடுத்த வருஷம் அவனாகவே ஐந்துக்கு வந்துவிடுவான். சாயங்காலம் அவன் அம்மா கூட்டிப்போக வந்தார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பூருக்கு அனுப்ப வழக்கம்போல போனை எடுத்தார். முன்பக்கத்தை எடுத்து முடித்ததும், அவன் தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான்.